வீடு விற்கும் முன் 'சின்னச் சின்ன வேலை' செய்யச் சொல்கிறார்களா? என் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

நீளமான பதிவு. வீட்டை விற்கும் யோசனையில் இருப்பவர்கள் மட்டும் படித்தால் போதும்.

22 வருடப் பழைய வீடு. பெரிய குறை என்றால் ஒன்றுதான். மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே, ஹால் சீலிங்கில் முறம் அளவுக்கு ஒரு ஈரக்கறை. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேலே ஆள் குளித்தால் கருக்கும், இரண்டு நாள் யாரும் குளிக்காவிட்டால் வெளுக்கும்.

புரோக்கர் வந்தார். கறையைப் பார்த்தார், கிச்சனைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இப்படியே காட்டினா அடிமாட்டு விலைக்குத்தான் சார் கேப்பாங்க. கிச்சன், பாத்ரூம், ஹால் மூணையும் மாத்திடுங்க. போட்ட காசு டபுளா வரும்." மறுநாள் காலையிலேயே ஒரு கான்ட்ராக்டரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். அந்த வேகத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதே தெருவில் ஒருவர் "இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கறேன்" என்று நியாயமான விலை சொல்லியிருந்தார். டபுள் ஆசையில் அவரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கறையைப் பற்றி கான்ட்ராக்டரிடம் கேட்டேன். "ஃபால்ஸ் சீலிங் போட்டுட்டா தெரியவே தெரியாது சார்." நான் தலையாட்டினேன். ஏமாந்த கதை சொல்கிறேன் என்றாலும் இந்த இடத்தில் நான் யோக்கியன் இல்லை.

கொட்டேஷன் ஒரே ஒரு தாள். "மாடுலர் கிச்சன் - 1, பாத்ரூம் டைல்ஸ் - 1, ஹால் சீலிங், பெயின்ட்." என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர் கனம், டைல்ஸ் ஒட்டும் முன் பழசைப் பெயர்ப்பார்களா என்று ஒரு வரி கிடையாது. பாத்ரூமில் பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுசை ஒட்டினார்கள். பசை 4 மில்லி, டைல்ஸ் 9 மில்லி, ஆக தரை 13 மில்லி உயர்ந்துவிட்டது. கதவு தரையில் இடித்தது, அடிப்பக்கத்தை அறுத்தார்கள். அறுத்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்காததால் அது தண்ணீரைக் குடித்து ஊறியது. தரையின் வாட்டமும் போனது. குளித்த தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கி நின்றது. கீழே ஒழுகிக்கொண்டிருந்த இடத்தை ஒருவரும் தொடவில்லை. ஒரே கசிவுக்கு மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி, இரண்டுக்கும் என் காசு.

கிச்சன் இன்னும் மோசம். பிளைவுட் என்று வாயால் சொன்னார்கள். இரண்டே மாதத்தில் சிங்க்குக்குக் கீழே பலகை உப்பி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. குழாய்க்காகத் துளை போட்ட இடத்தில் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அடுக்கடுக்காக மரம் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. வெட்டிய விளிம்பை மூடக்கூட இல்லை. யார் செய்து கொடுத்தாலும் பணத்தைத் தீர்க்கும் முன் அந்தத் துளையைப் பாருங்கள். முகப்பில் எல்லாப் பலகையும் அழகாகத்தான் இருக்கும்.

பெயின்ட் கதை சின்னது. சுவரில் புதிதாகப் பூசிய இடம் காய 28 நாளாவது விட வேண்டும் என்பார்கள். நாலாம் நாளே அடித்துவிட்டுப் போனார்கள். கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

பிறகு வாங்க ஒரு குடும்பம் வந்தது. கூடவே வயதான ஒருவர், அவர்களுக்குச் சித்தப்பாவாம். ஹாலில் நின்று மேலே பார்த்தார். "சீலிங் புதுசா இருக்கே, எப்ப போட்டீங்க?" என்றார். நாற்காலி கேட்டார். மேலே ஏறி, சீலிங்கில் பதித்திருந்த ஒரு லைட்டைப் பிடித்து இழுத்தார். அது இரண்டு ஸ்பிரிங் கிளிப்பில்தான் நிற்கும், சுலபமாகக் கழன்று வந்தது. அந்த ஓட்டைக்குள் போனை விட்டு ஒரு படம் எடுத்து என்னிடம் காட்டினார். கான்கிரீட் முழுக்க ஈரம், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, கம்பி ஓடும் இடத்தில் துருக்கோடு.

"தண்ணி ஒழுகறது பரவால்ல தம்பி. எந்த வீட்லதான் ஒழுகல. அதை மறைச்சிருக்கீங்களே, இன்னும் எதையெல்லாம் மறைச்சிருக்கீங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பதில் இல்லை. அவர்கள் திரும்ப வரவில்லை.

கான்ட்ராக்டரிடம் சண்டைக்குப் போனேன். பேச்சு முற்றியதில் அவர் வாயிலிருந்தே வந்தது: "உங்க புரோக்கருக்குக் குடுத்தது போக எனக்கு என்ன சார் மிஞ்சிச்சு?" வீடு விற்றால் ஒரு கமிஷன், விற்குமுன்பே ஒரு கமிஷன். டபுளாக வரும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. யாருக்கு என்றுதான் சொல்லவில்லை.

கடைசியில் நானே ஒரு பிளம்பரைத் தேடிப் பிடித்தேன். அவர் முதலில் எதையும் உடைக்கவில்லை. பாத்ரூம் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டார். கசியும் இடம் அதில் தெரிந்துவிட்டது: வடிகால் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், சுற்றியிருந்த சிமென்ட் உதிர்ந்துபோயிருந்தது. நாலு டைல்ஸை உடைத்து மூன்று நாளில் முடித்தார். மற்ற வேலைகளுக்கு நான் கொட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அதனால் யார் என்ன சொன்னாலும் விற்கிற வீட்டில் கிச்சனை மாற்றாதீர்கள். உடையாத டைல்ஸை மாற்றுவது, ஃபால்ஸ் சீலிங், சுவரோடு அலமாரி, வால்பேப்பர் எதுவும் வேண்டாம். இதெல்லாம் வாங்குகிறவர் ரசனை. உங்கள் தேர்வை அவர் பெயர்த்துத்தான் போடுவார். ஒழுகுவது, சொட்டுவது, வேலை செய்யாத சுவிட்ச், சாத்த முடியாத கதவு, இவற்றைச் சரிசெய்து, சாமான்களைக் குறைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். சரிசெய்ய முடியாத குறையை வாயால் சொல்லிவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

வீடு விற்றுவிட்டது, தெருக்காரர் முதலில் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கு. போன வாரம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். புதுக் கிச்சனின் கதவுகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. பாதிக் கதவுகளில் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நாங்கள் உரித்திருக்கவில்லை.