மாதிரிப் பக்கங்கள் தேடித் தந்த வாசகர்கள்: ஒரு சிறுகதையாளரின் அனுபவம்

என் சிறுகதைத் தொகுப்புகளை அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் வெளியிட்டு, அவற்றிலிருந்து சில பகுதிகளை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப் குழுக்களிலும் பல ஆண்டுகளாகப் பகிர்ந்து வருகிறேன். பெயர் அறியப்படாத எழுத்தாளருக்கு இதைவிடப் பயனுள்ள விளம்பரம் இல்லை என்பது என் கணிப்பு. எந்தப் பகுதியைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது.

கிண்டிலில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரி, ஏறத்தாழ நூலின் முதல் பத்து விழுக்காடு. நம் தொகுப்புகளிலோ அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று வரிசையாக வந்து அந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. வாங்கலாமா என்று பார்க்க வந்தவர், கதையின் ஒரு வரியைக்கூடக் காணாமல், பிறர் பாராட்டியதை மட்டும் படித்துவிட்டுத் திரும்புகிறார். ஆகவே பொருளடக்கத்தை அடுத்து உடனே முதல் கதையை வைத்து, உரைகளை நூலின் இறுதிக்கு நகர்த்தினேன் (அணிந்துரை தந்த பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்). மாதிரியைப் படித்துவிட்டு நூலை வாங்கியதாக வாசகர்கள் எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கிண்டில் எழுத்தாளர்கள் விரும்பினால் சேரக்கூடிய அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேரும் நூலின் மின்பதிப்பை 90 நாள்களுக்கு வேறெங்கும் வெளியிடக் கூடாது. பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் தொடராக எழுதியதை அங்கிருந்து நீக்கிய பின்னரே இதில் சேர்க்க இயலும். அந்த 90 நாள்களில் ஐந்து நாள்வரை நூலை இலவசமாகத் தரலாம். அப்போது தரவிறக்கம் ஏராளமாக நிகழ்ந்தாலும், படித்துக் கருத்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே. இலவசமாக வந்தது கருவியிலேயே கிடந்துவிடுகிறது போலும்.

முகநூலில் நீண்ட பதிவின் தொடக்க வரிகள் மட்டுமே தெரிந்து, மற்றவை 'மேலும் காண்க' என்பதற்குள் மறைவதால், வருணனையைவிட உரையாடலில் தொடங்கும் பகுதியே எனக்கு உதவியது. வார இதழ்த் தொடர்கதைகளைப் போலத் திடுக்கிடும் இடத்தில் நிறுத்திப் பார்த்ததில், 'அடுத்து என்ன?' என்ற பின்னூட்டங்கள் குவிந்தனவே தவிர விற்பனை கூடவில்லை. ஒரு காட்சியை முழுமையாகக் கொடுத்தபோதுதான் நூலைத் தேடி வந்தார்கள். பக்கத்தைப் படமாக இடுவது அழகுதான், ஆனால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கு அது பெரும்பாலும் எட்டாது என்பதால், எழுத்து வடிவத்தையும் உடன் சேர்க்கிறேன். இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்கத்தில் இடும் சுட்டியைச் சொடுக்க முடியாது. ஆகவே நூலின் சுட்டியைச் சுயவிவரத்தில் வைக்கிறேன்.