ஜேம்ஸைப் பார்ப்பதா, ஜேம்ஸாகப் பார்ப்பதா? சைலன்ட் ஹில் 2: பழையதும் ரீமேக்கும்

போன மழைக்காலத்தில் சைலன்ட் ஹில் 2 என்ற திகில் வீடியோ கேமின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து ஆடி முடித்தேன். முதலில் 2024 அக்டோபரில் வந்த ரீமேக், அதாவது அதே கதையைப் புதிதாகச் செய்தது, அத்தை மகனின் பிளேஸ்டேஷன் 5-இல். அதை முடித்த கையோடு 2001-இல் வந்த பழைய கேம், என் கணினியில். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் பழையதுதான். ரீமேக் மோசமானதே இல்லை. இந்தக் கதைக்குப் பழைய கேமரா செய்ததைப் புதிய கேமராவால் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

கதையைத் தெரியாதவர்களுக்காகத் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஜேம்ஸ் சண்டர்லேண்டின் மனைவி மேரி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவளிடமிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வருகிறது, சைலன்ட் ஹில்லில் காத்திருக்கிறேன் என்று. பனிமூட்டம் மூடிய அந்த ஊருக்கு அவன் போகிறான். இதற்கு மேல் யாரும் உங்களுக்குச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீமேக் எதிலெல்லாம் மேல் என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை. அன்ரியல் என்ஜின் 5 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். சண்டை கைக்கு வருகிறது, அடி விழும்முன் விலகிக்கொள்ளத் தனி பட்டன் இருக்கிறது. பழையதில் ஆணி அடித்த பலகையை வைத்துக்கொண்டு காற்றில் வீசிக்கொண்டிருப்போம். இரண்டுக்கும் இசை அகிரா யமாவோகாதான், அங்கே குறை சொல்ல இடமில்லை. நடிப்பிலும் ரீமேக் பல படி மேல். ஏஞ்சலா என்ற பெண் பேசப் பேச, முகத்தில் ஒரு நொடி வந்து மறையும் பயத்தைப் பார்த்துவிட்டு நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். ரீமேக் அறிவிப்பு வந்தபோது அதைச் செய்யும் புளூபர் டீம் நிறுவனத்தால் இது முடியாது என்று அடித்துச் சொன்ன பழைய ரசிகர்கள் பலர், ஆடிய பிறகு வாயாரப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு நியாயமானது.

பழைய குரல்களின் தட்டையான பேச்சுதான் கனவு மாதிரி இருக்கிறது என்று வாதிடும் ஆட்களும் உண்டு. எனக்குப் பாதி சம்மதம். கேமில் வரும் மருத்துவமனை வரைக்கும் அந்தப் பேச்சு எனக்கு உறுத்தியது. அதன் பிறகு உறுத்தவில்லை.

இனி கேமராவுக்கு வருகிறேன். நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான்.

ரீமேக்கில் கேமரா எப்போதும் ஜேம்ஸின் தோளுக்குப் பின்னால். சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்கலாம், மூலை வந்தால் எட்டிப் பார்க்கலாம். பழையதில் கேமரா பெரும்பாலும் கேம் வைத்த இடத்தில் நிற்கும். சில நடைவழிகளில் அது ஜேம்ஸுக்கு முன்னால் நின்று அவன் முகத்தைப் பார்க்கிறது. அவன் எதை நோக்கி நடக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. சட்டைப்பையில் இருக்கும் ரேடியோ கரகரக்கிறது, ஏதோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பட்டனை அழுத்தினால் கேமரா அவன் முதுகுப்பக்கம் வரும். ஆனால் எல்லா இடத்திலும் வராது. வராத இடங்களில் விரல் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும், ஜேம்ஸ் நடந்துகொண்டே இருப்பான். எனக்கு மயிர்க்கூச்செறிந்ததெல்லாம் அங்கேதான்.

வுட் சைட் அடுக்குமாடிக் கட்டடத்தின் 205-ஆம் எண் அறையைச் சொல்கிறேன். இருட்டறை. நடுவில் தையல்காரர் வைத்திருக்கும் பொம்மை மாதிரி ஒன்று. அதற்கு மாட்டியிருப்பது மேரியின் உடை. அந்த உடையில் செருகிய டார்ச் எரிந்துகொண்டிருக்கிறது. கேம் முழுக்க நமக்கு வெளிச்சம் தரப்போகும் டார்ச் அதுதான். எடுத்தவுடன், மூலையில் சாமான் போலக் கிடந்த ஒன்று எழுந்து நிற்கிறது. இரண்டு கால்கள், அதற்கு மேல் கை இருக்கவேண்டிய இடத்திலும் இரண்டு கால்கள். எனக்கு முதலில் தோன்றியது அடிக்கவேண்டும் என்றுகூட இல்லை. செத்துப்போன மனைவியின் உடையிலிருந்து இவன் இவ்வளவு சாதாரணமாக டார்ச்சை எடுத்து மாட்டிக்கொள்கிறானே, என்ன மனுஷன் இவன் என்றுதான் தோன்றியது. அந்தச் சந்தேகம் வந்ததற்குக் காரணம், நான் அவனைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

தள்ளி நிறுத்துவதற்கு இன்னொரு சின்ன வேலையும் பழைய கேமில் இருக்கிறது. எடுக்கக்கூடிய பொருள் பக்கத்தில் இருந்தால் ஜேம்ஸ் தலையை அந்தப் பக்கம் திருப்புவான். திரையில் அடையாளம் எதுவும் வராது. ஆகவே ஆடுகிறவர் அவன் தலையைக் கவனித்தே ஆகவேண்டும். எட்டு மணி நேரம் ஒரு மனிதனின் தலையைக் கவனித்துக்கொண்டே போனால், அவனுக்கு என்னவோ தெரியும், நமக்குச் சொல்லவில்லை என்ற எண்ணம் தானாக வந்துவிடும். இந்தக் கதை முழுக்க நிற்பது அந்த எண்ணத்தின் மேல்தான். ரீமேக்கில் நான் ஜேம்ஸாகவே ஆகிவிட்டேன். அவன் பயம் என் பயமானது, அவன்மேல் சந்தேகம் வரவில்லை. கடைசியில் உண்மை வெளியே வந்தபோது அதிர்ந்தேன், ஆனால் அது யாரோ சொன்ன செய்தி மாதிரி இருந்தது. பழையதை ஆடும்போது முடிவு எனக்கு முன்பே தெரியும். அப்படியும் கனத்தது.

நீங்கள் அவனைக் கவனிக்கிற மாதிரியே கேம் உங்களைக் கவனிக்கிறது. எந்த முடிவு கிடைக்கும் என்பதற்கு வெளிப்படையான கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. ஏஞ்சலாவிடமிருந்து வாங்கிய கத்தியைப் பையில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறீர்களா, மேரியின் புகைப்படத்தைப் பார்க்கிறீர்களா, மரியா என்ற பெண் கூட வரும்போது விட்டுவிட்டு ஓடுகிறீர்களா, அடிபட்டபின் மருந்து எடுக்காமல் சுற்றுகிறீர்களா என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. மருந்தைப் பத்திரப்படுத்துவது என் பழக்கம். அந்தக் கத்தியையும் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தேன். கேம் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு, இருப்பதிலேயே இருண்ட முடிவைக் கொடுத்தது. ரொம்ப நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரீமேக்கிலும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது, கூடுதலாக இரண்டு முடிவுகளும் உண்டு. அவற்றுக்கு இரண்டாவது முறை ஆடவேண்டும். நான் ஒரு முறைதான் ஆடினேன், ஆகவே அவற்றைப் பற்றிப் பேசமாட்டேன்.

நீளம் பற்றிக் கொஞ்சம். பழையது எனக்கு எட்டு மணி நேரம், ரீமேக் பதினேழு. கூடுதல் நேரத்தால் ஊர் மனதில் பதிகிறது என்கிறார்கள் அதை விரும்புகிறவர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் நானும் அதை உணர்ந்தேன். ரீமேக்கில் அந்தக் கால்பொம்மைகள் மேசைக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் அசையாமல் பதுங்கி நிற்கும். முதல் சில முறை மூச்சு நின்றது. சிறைச்சாலைக்கு வந்தபோது ஒவ்வொரு மூலையிலும் முன்கூட்டியே ஆயுதத்தை ஓங்க ஆரம்பித்துவிட்டேன். அது பழகிப்போனதன் அறிகுறி.

வாங்குவதைப் பொறுத்தவரை ரீமேக்கில் தலைவலி இல்லை, பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் கிடைக்கிறது. கணினியில் ஆடுவதாக இருந்தால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், என்னுடையது தாங்காது. பழையதுதான் அலைக்கழிக்கும். நான் தேடியவரை எந்த ஆன்லைன் கடையிலும் இல்லை. நண்பர் ஒருவர் வைத்திருந்த பழைய கணினி டிஸ்க்கை வாங்கி, யூஎஸ்பி டிஸ்க் டிரைவ் இரவல் எடுத்துப் போட்டேன். அதன் மேல் ரசிகர்கள் இலவசமாகச் செய்து தந்திருக்கும் என்ஹான்ஸ்டு எடிஷன் திருத்தத்தைச் சேர்த்தால் இன்றைய திரைக்கும் கன்ட்ரோலருக்கும் பொருந்திவிடுகிறது. பழையதைக் கூர்மையான படத்தோடு 2012-இல் மறுபடி வெளியிட்ட எச்டி கலெக்ஷன் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். முடிவடையாத மூல நிரலை வைத்துச் செய்தது அது, பனிமூட்டமே சரியாக இல்லை. பிளேஸ்டேஷன் 2-இல், குண்டு டிவியில் ஆடிய அனுபவம் எனக்கு இல்லை, அதைப் பெரிதாகச் சொல்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை.

டிஸ்க் கிடைக்கவே இல்லை என்றால் ரீமேக்கை ஆடுங்கள், காத்திருந்து வீணாக்கவேண்டாம். பழையதை ஆடுவதாக இருந்தால், நடு நடுவே பையைத் திறந்து மேரியின் கடிதத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். கதை நகர நகர அதில் எழுத்து குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வெறும் தாள்தான் இருக்கும். ஜேம்ஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டான்.