சின்ன அறைக்கு எந்த டோஸ்கா?

வீட்டில் ஒரே ஒரு ஆபெரா (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்) வைத்துக்கொள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புச்சினியின் டோஸ்காவைச் சொல்வேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாடகி, ஓவியன், போலீஸ் தலைவன் என்று மூன்றே முக்கிய ஆட்கள். இத்தாலிய மொழி தெரியாதவரையும் கதை இழுத்துக்கொண்டு ஓடும். எந்தப் பதிவு என்பதில்தான் தகராறு.

என் அலமாரியில் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1953 ஆகஸ்டில் மிலானின் லா ஸ்காலா ஆபெரா அரங்கில் விக்டர் டி சபாட்டா ஆர்கெஸ்ட்ராவை நடத்திய மோனோ பதிவு: டோஸ்காவாக மரியா காலஸ், ஓவியனாக டி ஸ்டெஃபானோ, போலீஸ் தலைவன் ஸ்கார்பியாவாக டிட்டோ கொப்பி. மற்றது 1962-ல் வியன்னாவில் கரயன் நடத்திய ஸ்டீரியோ பதிவு: டோஸ்காவாக லியோன்டைன் பிரைஸ், ஸ்கார்பியாவாக டாட்டெய், ஓவியனாக மறுபடியும் அதே டி ஸ்டெஃபானோ. காலஸ் 1964-65-ல் ஸ்டீரியோவிலும் இதே வேடத்தைப் பாடியிருக்கிறார். அதற்குள் குரல் நன்றாகவே தளர்ந்துவிட்டதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

ஸ்பீக்கரை ஆட்டிப் பார்க்க வேண்டுமா? முதல் அங்கத்தின் முடிவில் வரும் ‘தெ தேயும்’ என்ற தேவாலயத் துதிப்பாட்டு போதும். தேவாலயத்தில் கூட்டம் கூடுகிறது, இரண்டு மணிகள் மாறி மாறி அடிக்கின்றன, ஆர்கன் முழங்குகிறது, தூரத்தில் பீரங்கி வெடிக்கிறது. இத்தனைக்கும் மேலே ஸ்கார்பியா டோஸ்காவை நினைத்துக் காமத்தோடு பாடிக்கொண்டிருக்கிறான். கரயன் பதிவில் இது சுவரைத் தள்ளிக்கொண்டு வரும். எடுத்த இடம் சோஃபியன்சால். நீராவிக் குளியல் கூடமாகக் கட்டி, பிறகு நடன மண்டபமாக்கிய கட்டடம் அது. தரைக்கு அடியில் பழைய குளத்தின் வெற்றிடம் அப்படியே இருந்தது. கீழ்ஸ்தாயி அங்கே அத்தனை தடிப்பாக ஒலித்ததற்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 2001-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. தயாரிப்பாளர் ஜான் கல்ஷா ஆபெராவை மேடையில் நடப்பதுபோல் ஒலிக்கவைப்பதில் மன்னன். யார் எந்தப் பக்கம் நிற்கிறார், யார் எவ்வளவு தள்ளியிருக்கிறார் என்று காதாலேயே பார்க்கலாம்.

ஆனால் என் அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஸ்பீக்கர்கள் புத்தக அலமாரியில் உட்காரும் சைஸ். கரயன் பதிவில் மெல்லிய இடம் கிசுகிசுப்பு, உரத்த இடம் இடி. கிசுகிசுப்பு கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றினால் பீரங்கி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டும். ஒருநாள் இரண்டாம் அங்கம் ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார்: "என்னப்பா, உள்ள யாரையோ அடிக்கிறாங்களா?" உண்மையிலேயே அப்போது பக்கத்து அறையில் ஓவியனை வதைத்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாம்மா, ரோம்ல" என்றேன். சிரிக்கவில்லை.

1953 பதிவில் இந்தத் தொல்லை குறைவு. உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள இடைவெளி சின்னது. வால்யூமை ஒருமுறை வைத்தால் கடைசிவரை கை போக வேண்டியதில்லை. குரல்கள் முன்னால் நிற்கின்றன, ஆர்கெஸ்ட்ரா பின்னால். தெ தேயும் என்னவோ சற்று நெரிசலாகத்தான் கேட்கும், அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் அங்கத்துக்கு வந்தால் அது மறந்துபோகும். காதலனை விடுவிக்க விலை கேட்கிறாள் டோஸ்கா: "குவான்டோ?" (எவ்வளவு?) ஒரே சொல். காலஸ் வாயில் அதில் கடைக்காரனிடம் காட்டும் அலட்சியம், அருவருப்பு, பயம் மூன்றும் உண்டு. பிரைஸின் குரல் பட்டு. டோஸ்கா இரண்டாம் அங்கத்தில் பாடும் ‘விஸ்ஸி தார்த்தே’ பாட்டை மட்டும் தனியாகக் கேட்பதென்றால் நான் அவரைத்தான் கேட்பேன். கத்தியை எடுத்தபிறகு காலஸ். ஸ்கார்பியா செத்துக் கிடக்க, ரோமே இவன் முன்னால் நடுங்கியது என்று தாழ்ந்த குரலில் சொல்லும் அந்த ஒரு வரிக்காக டி சபாட்டா அவரை அரைமணி நேரம் திரும்பத் திரும்பப் பாடவைத்தார் என்று தயாரிப்பாளர் வால்டர் லெக் எழுதியிருக்கிறார். கொப்பி தன் முதல் அங்கப் பகுதியை முப்பது முறை பாட வேண்டியிருந்ததாம். அந்த உழைப்பு தெரிய ஸ்டீரியோ வேண்டியதில்லை.

டி ஸ்டெஃபானோவுக்காகவே இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 32 வயதில் அந்தக் குரல் வெயிலில் காய்ந்த துணிபோல் மணக்கிறது. ஒன்பது வருடம் கழித்து "வித்தோரியா!" (வெற்றி!) என்று கத்தும்போது மேல்ஸ்தாயியில் நூல் பிரிந்து தெரிகிறது.

மோனோ கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆவிபோல் தொங்கிக்கொண்டிருந்த காலஸ் ஒரு பெட்டிக்குள் வந்து உட்காருவார். குரலுக்கு உடம்பு வந்துவிடும். என் சிநேகிதர்கள் சிரிப்பார்கள், கேட்டபின் மாட்டார்கள்.

ஹெட்போன் மாட்டினால் எல்லாம் தலைகீழ். மோனோவில் மூவரும் ஆர்கெஸ்ட்ராவும் மண்டையின் நடுவில் ஒரே புள்ளியில் குவிந்துகொள்வார்கள், அரைமணியில் அலுத்துவிடும். அங்கே கரயன்தான். பீரங்கிக்கும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

இசைத்தட்டா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. தட்டில் இரண்டாம் அங்கம் ஒரு பக்கத்தில் அடங்காது. நாற்பது நிமிடம் ஓடும் கொடுமைக்கு நடுவே எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் வேறு வம்பு. பாட்டுகளுக்கு இடையில் இடைவெளி விடாமல் ஓடும் வசதி செயலியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு டிராக் முடிவிலும் விக்கும். ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். கதை முடிவில் டோஸ்கா கோட்டைமேலிருந்து குதித்து ஐந்து நிமிடம் கழித்து, முதல் அங்கத்துத் தேவாலயத்துக்குள் வந்து காதலனிடம் சண்டை போட்டாள்.

ஸ்பீக்கரும் சின்ன அறையும் உள்ளவர் 1953-ஐ வாங்குங்கள்; 2014-ல் புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்ட பதிப்பு நன்றாக இருக்கிறது. தனி வீடு, பெரிய ஸ்பீக்கர், அல்லது நல்ல ஹெட்போன் என்றால் கரயன். நான் இரண்டையும் வைத்திருப்பது மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்துக்காக. விடியற்காலை, இடையச் சிறுவன் ஒருவன் பாடிக்கொண்டு போகிறான், ரோம் நகரத்துக் கோயில் மணிகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. இதை எழுதுவதற்காகப் புச்சினி இந்த அங்கம் நடக்கும் சான்ட் ஆஞ்செலோ கோட்டைக்கே போய் விடிகாலை மணிகளைக் கேட்டுவிட்டு வந்தார். இரண்டாம் அங்கம்வரை காலஸோடு இருந்துவிட்டு, இங்கே விளக்கை அணைத்து, ஹெட்போனை மாட்டி, கரயனுக்கு மாறிவிடுவேன். ஒரு மணி கிட்டத்தில், ஒன்று தொலைவில், ஒன்று எங்கேயோ இடதுபக்கம்.