ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்: கண்ணாடித் தொட்டிக்குச் செய்தது, மீன்குட்டைக்கு எவ்வளவு உதவும்?

மீன் செத்து மிதந்த பிறகு தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவது நம் ஊர்ப் பண்ணைகளில் வழக்கமாகிவிட்டது. போய்ச் சேருவதற்குள் அது வேறு தண்ணீராகிவிடும். பாட்டிலுக்குள் அடைபட்ட பாசியும் நுண்ணுயிரியும் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் பிஎச் எனும் அமில-கார அளவையும் வழியெல்லாம் மாற்றிக்கொண்டே வரும். அதனால் குட்டைக் கரையிலேயே நின்று பார்க்க ஒரு கிட் கட்டாயம் வேண்டும். வண்ணமீன் கடைகளிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைப்பது ஏபிஐ நிறுவனத்தின் ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட். இது கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள். கட்லா, ரோகு விட்ட மண்குட்டைக்கும் திலாப்பியா வளர்க்கும் பயோஃபிளாக் தொட்டிக்கும் (கழிவைத் தின்னும் நுண்ணுயிரிக் கட்டிகளைத் தண்ணீரிலேயே வளர்க்கும் முறை) அதை நம்பி வாங்கலாமா என்பதே இங்கே கேள்வி.

பெட்டிக்குள் 7 மருந்துக் குப்பிகள், 4 கண்ணாடிக் குழாய்கள், ஒரு வண்ண அட்டை. பார்க்கக்கூடியவை ஐந்து: சாதாரண பிஎச் (6.0 முதல் 7.6), உயர் பிஎச் (7.4 முதல் 8.8), அம்மோனியா, அதை நுண்ணுயிரிகள் படிப்படியாக மாற்றும்போது வரும் நைட்ரைட், நைட்ரேட். எல்லாவற்றுக்கும் 5 மில்லி தண்ணீர்தான். 800 பரிசோதனை வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது ஐந்தையும் கூட்டிய கணக்கு. நைட்ரேட்டுக்கு ஒவ்வொரு முறையும் இரு குப்பியிலிருந்தும் பத்துப் பத்துச் சொட்டு போவதால் அதுதான் முதலில் தீரும்.

பண்ணைக்காரருக்கு இந்தப் பெட்டியில் உண்மையான மதிப்பு அம்மோனியாவில் இருக்கிறது. முதல் குப்பியில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, மூடிக் குலுக்கி 5 நிமிடம் வைக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் பூஜ்யம். பச்சை ஏற ஏற 0.25, 0.5, 1, 2, 4, 8 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). இது சாலிசிலேட் முறை. பழைய கிட்களில் வரும் நெஸ்லர் மருந்தில் பாதரசம் உண்டு, இதில் இல்லை. குட்டைக் கரையில் வைத்துப் புழங்கும் பொருளுக்கு இது பெரிய விஷயம். குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு பெரிதும் சிறிதுமாக விழும். நேராகத் தலைகீழாகப் பிடித்து எண்ணுங்கள். குழாய் வாயை விரலால் மூடிக் குலுக்காதீர்கள். விரல் அழுக்கு அளவைக் கெடுக்கும், மருந்தும் தோலை அரிக்கும்.

ஆனால் அட்டை காட்டும் எண் மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வது அதில் ஒரு பகுதிதான், அந்தப் பகுதி எவ்வளவு என்பதை பிஎச்சும் வெப்பமும் முடிவு செய்கின்றன. தண்ணீர் 30 டிகிரி என்று வையுங்கள். பிஎச் 7 இருந்தால் மொத்தத்தில் 0.8 சதவீதம் மட்டுமே நச்சு. பிஎச் 8 ஆனால் ஏறத்தாழ 7.5 சதவீதம். பிஎச் 9 ஆனால் 44 சதவீதத்துக்கும் மேல். அட்டையில் அதே 1 பிபிஎம் பச்சை. பிஎச் 7 இருக்கும் காலையில் நச்சுப் பகுதி 0.01-க்கும் கீழே, அது 9-க்கு ஏறிய பிற்பகலில் 0.44. நச்சு அம்மோனியா 0.06 அளவில் நாள்கணக்கில் நின்றாலே செவுளும் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கும். 0.6-ஐத் தொட்டால் குறைந்த நேரத்திலேயே மீன் சாகும். ஆகவே அம்மோனியாவையும் பிஎச்சையும் ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில் பாருங்கள். அதுவும் பிற்பகல் 3 மணி வாக்கில், பாசி முழு வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சி பிஎச்சை உச்சத்துக்கு ஏற்றியிருக்கும்போது பாருங்கள். காலையில் மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இங்கேதான் கிட்டின் பெரிய குறையும் வருகிறது. உயர் பிஎச் அளவு 8.8-இல் முடிந்துவிடுகிறது. பச்சை தடித்த குட்டையில் பிற்பகல் பிஎச் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். அட்டையின் கடைசி ஊதாவைத் தொட்டுவிட்டால் அது 8.8-ஆ 9.5-ஆ என்று சொல்ல வழியில்லை. அம்மோனியா கணக்குக்கு அந்த வித்தியாசம்தான் உயிர்நாடி. கண்ணாடித் தொட்டியில் இந்த நிலை வராது என்பதால் செய்தவர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள். குட்டைக்கு வாங்குகிறவர்கள் 9-க்கு மேலும் காட்டும் பிஎச் மருந்து ஒன்றையோ, பஃபர் கரைசலில் (பிஎச் முன்பே தெரிந்த திரவம்) அளவு சரிபார்த்த பேனா மீட்டரையோ சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

அம்மோனியா பச்சை ஏறினால் அன்றைக்குத் தீவனத்தை நிறுத்துங்கள். ஒரு கிலோ தீவனம் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் அம்மோனியாவாகத் தண்ணீரில் வந்து சேர்கிறது. கொட்டுவதை நிறுத்தாமல் மருந்து தேடுவதில் பயனில்லை. நல்ல தண்ணீர் இருந்தால் கொஞ்சம் மாற்றுங்கள். சுட்ட சுண்ணாம்பை மட்டும் தயவுசெய்து அள்ளி இறைக்காதீர்கள். மீன் தவிக்கிறது என்றதும் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்குவது பல ஊர்களில் பழக்கம். கிளிஞ்சல் சுண்ணாம்பும் சுட்ட சுண்ணாம்பும் பிஎச்சைச் சட்டென்று ஏற்றும். 8-இல் இருந்த தண்ணீர் 9-க்குப் போனால் அதே அம்மோனியாவில் நச்சு ஆறு மடங்காகும். காப்பாற்றப் போட்டதே கொன்றுவிடும். சுண்ணாம்பு தேவைதான் என்றால் சுடாத சுண்ணாம்புக்கல் தூளைப் போடுங்கள். அது மெதுவாகக் கரையும், பிஎச்சை அந்த அளவுக்குத் தூக்காது.

பச்சைத் தண்ணீரிலும் கலங்கிய தண்ணீரிலும் வண்ணம் பார்ப்பது எப்படி? மஞ்சளா பச்சையா என்று தேடும் பரிசோதனையில் தண்ணீரே பச்சையாக இருந்தால் 0-வும் 0.5 ஆகத் தெரியும். வடிதாளில் வடித்துப் பிறகு அளக்கவும். அப்படியும் நிறம் போகவில்லையென்றால், மருந்து போடாத அதே தண்ணீரை இன்னொரு குழாயில் எடுத்து, அட்டையின் வண்ணக் கட்டத்துக்கு முன்னால் பிடித்து, அதன் வழியாகத் தெரியும் நிறத்தோடு மருந்து போட்ட குழாயை ஒப்பிடுங்கள். பயோஃபிளாக் தண்ணீரை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கட்டி அடியில் படியும். மேலே தெளிந்ததை எடுங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் 0.5-க்கும் 1-க்கும் வித்தியாசம் தெரியாது. பகலில், நேர் வெயில் படாத நிழலில் நின்று பாருங்கள்.

நைட்ரைட் பரிசோதனை நன்றாகவே வேலை செய்கிறது: 5 சொட்டு, 5 நிமிடம், வான நீலத்திலிருந்து ஊதாவுக்கு ஏறும். மண்குட்டையைவிடத் தொட்டி வளர்ப்புக்கு இது முக்கியம், அதுவும் தொடங்கிய முதல் சில வாரங்களில். நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். காற்று எவ்வளவு ஊதினாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் காப்பித்தூள் நிறம் தெரியும். 1000 லிட்டருக்கு 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு நைட்ரைட் உடலுக்குள் புகுவதைத் தடுக்கும். அட்டையின் உச்சம் 5 பிபிஎம். அதைத் தொட்டுவிட்டால் 1 மில்லி குட்டைத் தண்ணீரோடு 4 மில்லி ஆர்ஓ தண்ணீர் சேர்த்து மறுபடி பார்த்து, வரும் எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். ஆய்வக அறிக்கையோடு ஒப்பிடும்போது அவர்கள் நைட்ரைட் நைட்ரஜன் என்று போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள்; அந்த எண்ணை 3.3-ஆல் பெருக்கினால்தான் இந்த அட்டையின் எண் வரும்.

நைட்ரேட் மண்குட்டைக்குப் பெரிதாகத் தேவையில்லை, பாசியே அதைத் தின்றுவிடும். தொட்டிக்காரர்கள் ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டாம் குப்பியின் மருந்து அடியில் படிந்துவிடும். அதை 30 விநாடி நன்றாகக் குலுக்கிய பிறகே சொட்டு விட வேண்டும், பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். இதைச் செய்யாமல் 'எங்கள் தொட்டியில் நைட்ரேட்டே இல்லை' என்று மகிழ்பவர்கள் நிறைய.

பெட்டியில் இல்லாதவற்றைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது. கரைந்த ஆக்சிஜன் இதில் இல்லை. கெண்டைக் குட்டையில் ஒரே இரவில் மொத்தமாகச் சாவு விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விடியற்காலை ஆக்சிஜனைத்தான். அதற்குத் தனியாக விங்க்லர் முறைக் கிட் ஒன்று வாங்குங்கள். குப்பியைத் தண்ணீருக்குள் ஒரு முழம் ஆழத்தில் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, உள்ளேயே மூடி எடுக்க வேண்டும். மாங்கனீசு மருந்தும் அயோடைடு மருந்தும் விட்டுக் கவிழ்த்துத் திருப்பினால் உள்ளே திரிதிரியாக ஒன்று திரளும். அது செங்கல் பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெளுத்த தயிர் போல வெள்ளையாகவே நின்றால் அந்தத் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. சரியான அளவு பார்க்க விட வேண்டிய மீதிச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஏரேட்டரை ஓட்டுங்கள். விடியற்காலை 5 மணிக்கு 3 பிபிஎம்முக்குக் கீழே வந்தால் மீன் தீவனம் எடுக்காது, நோய்க்கு வழிவிடும்.

காரத்தன்மையும், அதாவது பிஎச்சை ஆடவிடாமல் தாங்கும் தண்ணீரின் திறனும், இதில் இல்லை. அதே நிறுவனம் தனியாக விற்கும் ஜிஎச் (கடினத்தன்மை), கேஎச் (காரத்தன்மை) கிட்டை வாங்கலாம். கேஎச்சுக்கு 5 மில்லி தண்ணீரில் நீலம் மஞ்சளாகும்வரை சொட்டு விட வேண்டும், ஒரு சொட்டுக்கு 17.9 பிபிஎம். ஒரே சொட்டில் மஞ்சளானால் அந்தக் குட்டையில் பிஎச் காலைக்கும் மாலைக்கும் தாறுமாறாக ஆடும். 3 சொட்டுக்குக் குறையாமலும், முடிந்தால் 5 முதல் 8 வரையிலும் இருக்கட்டும்.

வாங்கும்போது குப்பியில் லாட் எண்ணைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் செய்த மாதமும் ஆண்டும்: 0325 என்றால் மார்ச் 2025. மூன்று ஆண்டுக்கு மேல் பழையதை எடுக்காதீர்கள். மோட்டார் கொட்டகைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் மருந்து அதற்கு முன்பே கெடும். சந்தேகம் வந்தால் ஆர்ஓ தண்ணீரில் அம்மோனியா பாருங்கள். தெளிந்த மஞ்சள் வர வேண்டும். குப்பி மூடிகளை மாற்றிப் போட்டாலும் மருந்து கெட்டுவிடும்.

தொட்டிக்கும் குஞ்சு வளர்ப்புக்கும் இந்தக் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். மண்குட்டைக்கு விங்க்லர் கிட், காரத்தன்மைக் கிட், 9-க்கு மேல் காட்டும் பிஎச் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மட்டுமே வாங்குங்கள். அறுவடைக்குக் குட்டையை வடிக்கும்போதும் அம்மோனியா குப்பியைக் கையில் வைத்திருங்கள். முதலில் வெளியேறும் தண்ணீரைவிடக் கடைசி ஐந்தில் ஒரு பங்கில்தான் சேறும் கழிவும் திரண்டிருக்கும். அதை மட்டும் இரண்டு மூன்று நாள் தேக்கித் தெளியவிட்டு, அம்மோனியா இறங்கியதைப் பார்த்த பிறகு வாய்க்காலில் விடுங்கள். கீழே ஆற்றில் கெளுத்தியும் குரவையும் அந்தத் தண்ணீரில்தான் வாழ்கின்றன. சோதித்து முடித்த குழாய்த் தண்ணீரைக் குட்டையில் கொட்டாமல் ஒரு கேனில் சேர்த்து வையுங்கள்.