ஏழரை வருஷமும் ஒரு எட்டு இன்ச் டெலஸ்கோப்பும்

2018 மே மாதம் இந்தத் தொலைநோக்கி வீட்டுக்கு வந்தது. இதை எழுதுவது 2025 டிசம்பரில். வாங்கின புதிதில் "எப்படி இருக்கு?" என்று கேட்டவர்களிடம் "கொஞ்ச நாள் போகட்டும், சொல்றேன்" என்று தள்ளிப்போட்டேன். கொஞ்ச நாள் என்பது ஏழரை வருஷம் ஆகிவிட்டது. அதுவும் நல்லதுதான். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று வெளிக்கோள்களைப் பார்ப்பதற்காக வாங்கிய கருவி இது. முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் பாதிக்குப் பாதி தப்பாக எழுதியிருப்பேன்.

கருவியைப் பற்றி முதலில். 203 மி.மீ. ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம், டாப்சோனியன் வகை. ஒரு நீளக் குழாய், அதைத் தாங்க ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். மோட்டார் கிடையாது. கையால்தான் தள்ளவேண்டும். இந்த அமைப்பைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்தே ஆடி செய்வாராம். டெலஸ்கோப் பித்து முற்றி 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்தப் பித்தின் மலிவுப் பதிப்பு எனக்கு 38,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 30 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஒன்று கூடவே வந்தது, 40 மடங்கு பெரிதாகக் காட்டும். 10 மி.மீ. ஐபீஸும், உருப்பெருக்கத்தை இரட்டிக்கும் பார்லோ லென்ஸும் தனியாக வாங்கினேன். இரண்டையும் சேர்த்தால் 240 மடங்கு. அதற்கு மேல் நான் போனதில்லை, போகத் தேவையும் வரவில்லை. பெட்டியின் மேல் "600 மடங்கு" என்று அச்சடித்து விற்கும் சின்ன டெலஸ்கோப்புகளைப் பார்த்தால் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

வீடு திருச்சிக்கு வெளியே. மொட்டை மாடியிலிருந்து முதன்முதலில் பார்த்தது வானத்தை அல்ல, உச்சிப்பிள்ளையார் கோயிலை. பக்கத்து வீட்டுக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டார். மலைக்கோட்டை தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "சார், இது டிஃபெக்டிவ் பீஸ்" என்றார். இந்த வகைக் கருவியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். வானத்தில் மேல் கீழ் யாருக்கு வேண்டும்?

அன்று இரவே வியாழன். மே 9 அன்றுதான் அது சூரியனுக்கு நேர் எதிரே வந்திருந்தது, அதனால் இரவு முழுக்க வானத்தில் இருந்தது. நாலு நிலாக்களும் கோலப்புள்ளி மாதிரி ஒரே வரிசையில். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது இதைத்தான், இதைவிட மங்கலாக. கோளின் நடுவே இரண்டு பழுப்புப் பட்டைகள். ஆனால் நான் கவனித்த முதல் விஷயம் வேறு: வியாழன் உருண்டையாக இல்லை. மேலும் கீழும் லேசாக அமுக்கிய கொழுக்கட்டை மாதிரி இருந்தது. ஆடி கோணிவிட்டதோ என்று பயந்துபோனேன். கோணவில்லை. பூமியைப் போல் பதினோரு மடங்கு அகலமுள்ள அந்தப் பெரும் உடல் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழன்றுவிடுகிறது. அந்த வேகத்தில் இடுப்பு பிதுங்கி, குறுக்கே சுமார் 1,43,000 கி.மீ., துருவத்திலிருந்து துருவத்துக்கு 1,34,000 கி.மீ. அந்த வித்தியாசம் சும்மா பார்த்தாலே கண்ணுக்குத் தெரிகிறது.

வியாழன் மேல் சுழலும் புயலான பெரிய சிவப்புப் புள்ளி மூன்று மாதம் கண்ணாமூச்சி காட்டியது. பாதி நேரம் அது கோளின் மறுபக்கத்தில் இருக்கிறது. எந்த மணிக்கு நம் பக்கம் திரும்பும் என்று மொபைல் செயலியில் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கடைசியில் தெரிந்தபோது சிவப்பாகவும் இல்லை. தண்ணீர் அதிகமாகிவிட்ட ரோஸ்மில்க் நிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 40,000 கி.மீ. நீளம் இருந்த புயல் இப்போது பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. நாம் லேட்டாகப் பிறந்துவிட்டோம், வேறென்ன. ஆனால் அதை ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் இடம் மாறியிருக்கும். ஒரு கோள் சுழல்வதைக் கண்ணால் பார்ப்பது என்பது இதுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது நிலாக்களின் நிழல். அந்த நாலில் ஒன்றான அயோ தன் கோளுக்கு முன்னால் கடக்கும்போது, பேனா மையால் வைத்த பொட்டு மாதிரி ஒரு கருநிழல் மேகங்களின் மேல் நகர்ந்து போகும். அந்தப் பொட்டுக்குள் நிற்பவருக்கு அது முழுச் சூரிய கிரகணம்.

2022 செப்டம்பர் 26 அன்று வியாழன் 59 ஆண்டுகளில் மிக நெருக்கமாக வந்தது, சுமார் 59 கோடி கி.மீ. செய்திகளில் வந்ததால் தெருவே மாடிக்கு ஏறிவிட்டது. அன்று தெரிந்தது என்னவோ மற்ற வருஷங்களைவிடக் கொஞ்சம் பெரிதாக, அவ்வளவே. காற்று அமைதியாக இருக்கும் சாதாரண ராத்திரி, காற்று கலங்கிய "வரலாற்றுச் சிறப்புமிக்க" ராத்திரியைவிட எவ்வளவோ மேல்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். 240 மடங்கில் எந்தக் கோளும் ஐம்பது விநாடியில் ஐபீஸைவிட்டு ஓடிவிடும், பூமி சுழல்கிறது அல்லவா. தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்குக் காட்டும்போது இது பெரிய தலைவலி. ஆடிகளை நேராக்க வாங்கிய லேசர் கருவி தானே கோணலாக இருந்தது. அதை நம்பி ஆறு மாதம் ஆடிகளைக் கோணலாகவே வைத்திருந்தேன். விற்றவர் மாற்றித் தரவில்லை. கடைசியில், மூடியில் சின்ன ஓட்டை போட்ட பழைய ஃபிலிம் டப்பாவைக் கொண்டு கண்ணாலேயே சரிசெய்யக் கற்றுக்கொண்டேன். அப்புறம் நம் ஊர்ப் பிரச்சினைகள். ஏசி அறையில் வைத்திருந்து வெளியே எடுத்தால் ஆடியின் மேல் ஆவி படிந்துவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மாடி இரவு பத்து மணிவரை அனலைக் கக்கும், அதுவரை சனியும் வியாழனும் வெந்நீருக்குள் கிடக்கிற காசு மாதிரி நெளியும். குழாய்க்குள் ஒரு பல்லி குடியிருந்தது. ஒரு ஐபீஸில் பூஞ்சை பிடித்தது, இப்போது எல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில். ஆடியை இரண்டு முறை டிஸ்டில்ட் வாட்டரில் கழுவியிருக்கிறேன். முதல் முறை கை நடுங்கியது நிஜம்.

யுரேனஸுக்காகவும் நெப்டியூனுக்காகவும் மட்டும் இதை வாங்க நினைப்பவர்கள் ஒரு முறை யோசியுங்கள். யுரேனஸ் எனக்கு ஒரு வெளிர்பச்சைக் கடுகு. சுற்றியிருக்கும் நட்சத்திரங்கள் கூர்மையாக இருக்க, இது மட்டும் ஒரு தட்டு மாதிரி மழுங்கித் தெரியும், அதுதான் அடையாளம். அதன் காற்றிலுள்ள மீத்தேன் சிவப்பை விழுங்கிவிடுவதால் அந்த நிறம். 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டுபிடித்த கருவியின் ஆடி 6.2 அங்குலம்தான். என்னுடையதைவிடச் சிறியது! அவரும் முதலில் அதை வால்வெள்ளி என்றுதான் நினைத்தார். 84 வருஷத்தில் ஒரு சுற்று என்பதால் ராசி மண்டலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு கடக்கவே ஏழு வருஷம். என் கணக்கிலும் அது அப்படித்தான். வாங்கினபோது மீனத்தை ஒட்டி மேஷத்தில் இருந்தது, இப்போது ரிஷபத்தில், கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்றுத் தெற்கே. ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டே சூரியனைச் சுற்றும் கோள் என்று படித்ததெல்லாம் ஐபீஸில் ஒன்றும் தெரியாது. இன்னொரு கொடுமை, இந்த வருஷங்களில் அது நன்றாகத் தெரியும் காலம் நவம்பர். நமக்கு அப்போது வடகிழக்குப் பருவமழை.

ஆனாலும் அந்தக் கடுகின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கியுடன் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் மறைக்கும் முன்பே நட்சத்திர ஒளி ஒரு கணம் மங்கியதைப் பதிவுசெய்தார்கள். புதிய துணைக்கோளாக இருக்கும் என்று எழுதினார்கள். உண்மையில் அது வளையம். அதே இரவில் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்க வானியலாளர் எலியட்டின் குழுவுக்கு ஒன்றல்ல, பல மங்கல்கள் கிடைத்ததால் வளையங்களைக் கண்டுபிடித்த பெயர் அவர்களுக்குப் போனது.

நெப்டியூன் இன்னும் சிரமம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த கோள் அது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெ வெரியே சொன்ன இடத்தில் 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலெ தேடினார், ஒரு டிகிரிக்குள் கிடைத்தது. நான் நாலு வருஷம் தேடி, எதைப் பார்த்தேன் என்ற சந்தேகத்தோடே இறங்கி வந்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில்தான் தீர்ந்தது. சனிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி பக்கத்தில் வந்து நின்றதால், 40 மடங்கில் இரண்டும் ஒரே பார்வையில். 240க்கு மாற்றினால் சின்னஞ்சிறு சாம்பல்நீலப் புள்ளி. படங்களில் பார்த்த ஆழ்ந்த நீலம் இல்லை என்று முன்பெல்லாம் கருவியைக் குறை சொல்லியிருக்கிறேன். வாயேஜர் 2 விண்கலம் எடுத்த படங்களில் நிறத்தைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள் என்றும், யுரேனஸும் நெப்டியூனும் ஏறத்தாழ ஒரே வெளிர்நிறம்தான் என்றும் 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். டெலஸ்கோப்பிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது சனி. இதற்காகத்தான் வாங்கினேன், இதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

2018 முதல் 2020 வரை நமக்கு அடித்த அதிர்ஷ்டம் ஐரோப்பியர்களுக்கு இல்லை. அப்போது சனி வானத்தின் தென்கோடியில். லண்டனில் அடிவானத்துக்கு மேல் 16 டிகிரிதான் ஏறும். திருச்சியில் 57. தலைக்கு மேலே ஏறிய கோளை அமைதியான காற்றின் வழியே பார்த்தேன். அந்த வளையம் பிசிறில்லாமல் நிற்பதைப் பார்த்து என் மகள், அப்போது ஐந்து வயது, "ஸ்டிக்கர் ஒட்டியிருக்கியாப்பா?" என்று குழாயின் வாயைப் போய்ப் பார்த்தாள். வளையத்தை இரண்டாகப் பிரிக்கும் காசினி இடைவெளி மயிரிழையாகத் தெரிந்தது. அது 4,800 கி.மீ. அகலம். கோளின் நிழல் வளையத்தின் மேல் விழுந்து, தட்டைப் படம் திடீரென்று உருண்டை ஆகும்.

அம்மா மாடிக்கு வந்தும் கிட்டே வரவில்லை. "சனி பகவானை நேருக்கு நேரா நின்னு பாக்கக் கூடாதுடா, கோயில்லயே ஓரமா நின்னுதானே கும்பிடுவோம்" என்றார். இந்த வகை டெலஸ்கோப்பில் ஐபீஸ் குழாயின் பக்கவாட்டில் இருக்கிறது. கோள் ஒரு பக்கம், நாம் முகம் வைப்பது இன்னொரு பக்கம். "ஓரமா நின்னுதாம்மா பாக்கப் போறே" என்றேன். வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு விருந்தாளி யார் வந்தாலும் முதலில் மாடிக்கு அனுப்புவது அவர்தான்.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் வந்தன. 1623க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் இல்லை. துறையூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கே டெலஸ்கோப்பைத் தூக்கிப் போயிருந்தேன். மேகம். மறுநாள் மாலை இருபது நிமிஷம் விலகியது. 120 மடங்கில் ஒரே வட்டத்துக்குள் ஒரு பக்கம் வளையம், ஒரு பக்கம் நாலு நிலாக்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள சாமானைக் காரில் கொண்டுபோன முதுகுவலி அதோடு போயிற்று என்று சொல்லமாட்டேன், இருந்தது.

மகள் ஒவ்வொரு வருஷமும் ஒரு பழைய நோட்டில் சனியை வரைந்துவந்தாள். முதலில் விளையாட்டுக்கு. இப்போது அந்த ஏழெட்டுப் பக்கங்களைப் புரட்டினால், அகலமான தட்டு வருஷா வருஷம் மூடிக்கொண்டே வருகிறது. சனி 27 டிகிரி சாய்ந்தபடி சுமார் 30 வருஷத்தில் சூரியனைச் சுற்றுகிறது. ஒரு ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்பது அதன் சுற்றில் கால் பங்கு. வளையம் முழுதாக விரிந்த நிலையிலிருந்து நமக்கு விளிம்பைக் காட்டும் நிலைக்கு வரவும் ஏறத்தாழ அதே கால் சுற்றுதான். வளையத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்களே. அதனால் விளிம்பு திரும்பினால் ஆளே காணோம். 1612இல் வளையம் மறைந்தபோது கலிலியோ குழம்பிப்போனது இதனால்தான். இந்த முறை 2025 மார்ச் 23 அன்று சரியாக விளிம்பு நம் பக்கம் திரும்பியபோது சனி சூரியனை ஒட்டி இருந்ததால் பார்க்க வழியில்லை. நவம்பர் கடைசியில் வளையத்தின் சாய்வு மறுபடி அரை டிகிரிக்கும் கீழே வந்தது. மழைக்கு நடுவே ஒரு இரவு தெளிந்தது. ஏறிப் பார்த்தோம். உருண்டையின் இரு பக்கமும் நூல், கண்ணைச் சற்று நகர்த்தினால் அதுவும் போயிற்று. வளையமில்லாத சனி ஒரு சாதாரண மஞ்சள் உருண்டை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னடா பண்ணே?" என்று என்னைத்தான் கேட்டார்.

வாங்கலாமா என்று கேட்டால், மாடிப்படி ஏறத் தெம்பும், தனியாக உட்காரப் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். ஆறு அங்குலமும் போதும், தூக்குவது சுலபம். பத்து அங்குலத்துக்கு என் முதுகு ஒத்துக்கொள்ளாது.

வளையம் இனி மறுபக்கமாகத் திறந்து 2032 வாக்கில் முழுதாக விரியும். என் ஆடியின் அலுமினியப் பூச்சு ஓரங்களில் மங்கத் தொடங்கிவிட்டது, அதற்குள் மறுபூச்சு போட்டாக வேண்டும். எங்கே போடலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.