மேட்டூர் திறந்தால் ரிமோட் காருக்கு விடுமுறை

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அங்கே விட்ட தண்ணீர் கல்லணையைத் தாண்டி எங்கள் கோரையாற்றுக்கு வந்து சேர்வதற்குள் நான் ரிமோட் காரைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, பரணில் ஏற்றிவிடுவேன். அப்பா விதைநெல்லை வெளியே எடுப்பதும் நான் காரை உள்ளே வைப்பதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடக்கும். "ஊருக்கு வேலை தொடங்கும்போது இவனுக்கு வேலை முடிகிறது" என்று ஆண்டுதோறும் ஒரு முறை சொல்லிவிடுவார்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. உரக்கடை வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக வீட்டுக்குள் தடத்துப் பள்ளத்தில் ஓடும் ஸ்லாட் கார், வெளியே ரிமோட்டில் ஓடும் ரேடியோ கார் என்று இரண்டும் ஓடுகின்றன. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய வீடியோக்களில் ஐப்பசி மழை பெய்யாது, களிமண் ஒட்டாது, மின்சாரம் போகாது. டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இதில் இறங்க நினைப்பவருக்கு அவை பாதி விவரத்தைத்தான் தரும். மீதிப் பாதி எனக்குத் தெரியும், செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் வந்தது ஸ்லாட் கார். 2020 பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் என் மகளுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். இரண்டு மாதம் பிரிக்காமலே கிடந்தது. மார்ச்சில் ஊரடங்கு வந்த பிறகு, கூடத்து ஊஞ்சலைக் கழற்றி மாட்டிவிட்டுத் தரையில் தடத்தை விரித்தோம். 1/32 அளவுக் கார்கள் இரண்டு. நாலரை மீட்டர் நீளமுள்ள நிஜக் கார் இந்த அளவில் 14 சென்டிமீட்டர் இருக்கும்.

தடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு பள்ளம். அதன் இரு ஓரமும் உலோகப் பட்டை. காரின் அடியில் நாக்குப் போன்ற ஒரு தகடு பள்ளத்துக்குள் இறங்கி நிற்கிறது. நாக்கின் இருபுறமும் உள்ள செம்புப் பின்னல்கள் பட்டைகளைத் தடவிக்கொண்டே மின்சாரம் எடுக்கின்றன. கையில் துப்பாக்கி விசை போல ஒன்று. அதை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். ஸ்டீயரிங் கிடையாது. பிரிட்டனில் ஃபிரெட் பிரான்சிஸ் என்பவர் 1950-களில் சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார்களை ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார். அவற்றுக்குள் மின்மோட்டாரை வைத்து 1957-இல் அவர் கொண்டுவந்ததுதான் ஸ்கேலெக்ஸ்ட்ரிக். அந்த நாட்டில் இன்றும் ஸ்லாட் கார் என்றாலே பலர் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அப்பா பத்து நிமிடம் நின்று பார்த்தார். "தானாகத் திரும்புகிற வண்டியில் உனக்கு என்னப்பா வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். அவரிடம் விசையைக் கொடுத்தேன். முதல் வளைவிலேயே கார் பறந்து போய்ப் பூஜை அறைக் கதவில் மோதியது. திருவாரூர் ஆழித்தேரின் வடத்தை ஆயிரம் பேர் இழுக்கலாம்; மூலை திரும்பும்போது சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவருக்குத்தான் வித்தை தெரியும். ஸ்லாட் காரில் வடமும் முட்டுக்கட்டையும் ஒரே ஆள்காட்டி விரலில் இருக்கின்றன. வளைவுக்குள் போன பிறகு விசையைத் தளர்த்தினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். வளைவுக்கு ஒரு சாண் முன்னால் தளர்த்தி, பாதி வளைவில் மெல்ல அழுத்தத் தொடங்க வேண்டும். இது கைவர எனக்கு இரண்டு வாரம் ஆனது. மகளுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது.

தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காரின் வயிற்றில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அது தடத்தின் இரும்புப் பட்டையைப் பிடித்து இழுப்பதால் கார் தடத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். முதல் மாதம் அது இருக்கட்டும். அப்புறம் கழற்றிவிடுங்கள். வேகம் குறையும், கார் வாலை ஆட்டும், அடிக்கடி குப்புற விழும். ஆனால் அன்றைக்குத்தான் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்குவீர்கள். காந்தத்தோடு ஓடும் பந்தயத்தில் இரண்டு பேரும் விசையை முழுதாக அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

ஐப்பசியில் தொடங்கியது வினை. தீபாவளிக்கு விருந்தினர் வந்தார்கள், தடத்தை விரித்தோம், கார் நான்கு அடி போய் நின்றது. தள்ளினால் ஓடும், மறுபடி நிற்கும். மின்இணைப்பைச் சோதித்தேன், மோட்டாரைச் சோதித்தேன், மைத்துனரைத் தொலைபேசியில் திட்டினேன். கடைசியில் மகள் பட்டையின் மேல் விரலை ஓட்டிக் காட்டினாள். விரல் நுனியில் காவி நிறம். அடைமழையில் சுவரே வியர்க்கும் வீடு எங்களுடையது. இரும்புப் பட்டை மட்டும் தப்புமா?

உப்புத்தாளை எடுக்கப் போனேன். நல்லவேளை, எடுக்கவில்லை. உப்புத்தாள் பட்டையில் கீறல் போட்டுவிடும், கீறலில் இன்னும் வேகமாகத் துரு ஏறும். பள்ளிக்கூடப் பென்சில் அழிப்பானே போதும். பட்டையின் மேல் அழுத்தித் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் கறை அப்படியே வந்துவிடும். முழுத் தடத்துக்கும் அரை மணி நேரம். செம்புப் பின்னல்களை ஊசி முனையால் விசிறி போலப் பிரித்துவிட வேண்டும். டயரில் ஒட்டிய தூசிக்கு ஒட்டுநாடா: பசைப் பக்கம் மேலே இருக்கும்படி தரையில் வைத்து, அதன் மேல் சக்கரத்தை உருட்டினால் போதும். இப்போது தடத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, நெகிழித் தாளில் கட்டி வைக்கிறோம். புதிதாக வாங்குபவர்கள் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை உள்ள தடத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் பிறந்த கரேரா தடங்கள் அப்படிப்பட்டவை. ஆனால் நம் ஊரில் எல்லாமே இறக்குமதிதான். விலையைக் கேட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

ரேடியோ காருக்கு நான் வந்தது 2021 மாசியில். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ரிமோட் கார், சிறுவயதில் நாகூர் கந்தூரிக் கடையில் வாங்கியதுதான். அந்த வகையில் முழு இடது, முழு வலது, நேர் என்று மூன்றே நிலை. நடுவில் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனும் அதே காரை வாங்கியிருந்தால் ஒருவன் பொத்தானை அமுக்க இரண்டு காரும் ஓடும். இரண்டும் 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கியவை. பொழுதுபோக்குக்கான கார்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரோடு மட்டும் இணை சேர்ந்துகொள்வதால் பத்துப் பேர் ஒரே களத்தில் ஓட்டலாம். ரிமோட்டில் உள்ள சக்கரத்தை இம்மியளவு திருப்பினால் காரும் இம்மியளவு திரும்பும். வாங்கும் முன் இப்படி இம்மியளவு திரும்புமா என்று கேட்டுவிட்டால் பொம்மை எது, பொழுதுபோக்கு எது என்று பிரிந்துவிடும். இன்னொரு கேள்வியும் உண்டு: உதிரிபாகம் தனித்தனியாகக் கிடைக்குமா? கிடைக்காதென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நான் வாங்கியது சீனத் தயாரிப்பு, 1/14 அளவு, நான்கு சக்கரங்களிலும் இழுவை, இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். பெட்டியோடு வந்த சார்ஜரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏற்றினால் கால் மணி நேரம் ஓடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. மற்றவர்கள் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஓட்ட இடம்? இங்கே எல்லாரும் முதலில் வயலைத்தான் நினைப்பார்கள். சம்பா அறுத்த வயலில் தாள் குச்சி குச்சியாக நிற்கும், அதற்குள் உளுந்து முளைத்திருக்கும். கார் ஓடாது; ஓடினால் உளுந்துக்காரர் விடமாட்டார். ஆற்று மணல் பார்க்க அழகு. நானும் பங்குனியில் கோரையாற்றில் இறக்கிப் பார்த்தேன். பொடிமணல் மோட்டாரின் துவாரங்கள் வழியாக உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மோட்டார் அம்மி அரைப்பது போல ஒரு சத்தத்துடன் ஒரு மாதம் உயிரோடு இருந்தது. மிஞ்சியது சிமெண்டுக் களம். கொள்முதல் முடிந்து நெல் மூட்டைகள் லாரி ஏறிய பிறகு அது எங்களுடையது.

களத்திலும் எதிரி உண்டு. முதல் ஆண்டு ஒரு மாலை கார் திடீரெனச் சோர்ந்தது. பேட்டரி தீர்ந்தது போலிருக்கிறது என்று விசையை இன்னும் அழுத்தினேன். பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. திருப்பிப் பார்த்தால், பின்சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் கைக்கும் நடுவே அச்சில் வைக்கோல் சுற்றிக்கொண்டு கயிறாக முறுக்கேறி இருந்தது. கத்தி முனையால் இழை இழையாக அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. மோட்டாரைத் தொட முடியவில்லை. மோட்டார் பல்லோடு சேரும் பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பக்கம் பொக்கை வாயாகிவிட்டது. அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காரைத் தூக்கி அடிவயிற்றைப் பார்ப்பது பழக்கம். புறப்படும் முன் களத்தைத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவோம்.

புதிய பல்சக்கரம் வர ஒன்பது நாள் ஆனது. மாட்டியபோது இன்னொன்று கற்றுக்கொண்டேன். மோட்டாரின் சிறு பல்லும் பெரிய சக்கரமும் இறுக்கிக் கோத்தால் மோட்டார் சூடாகும், தளர்த்திக் கோத்தால் பல் உடையும். நாள்காட்டியில் கிழித்த தாளை நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டு பல்லுக்கும் நடுவே செருகி, மோட்டாரைத் தள்ளி அழுத்தி, ஸ்குருவை முடுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றினால் தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வெளியே வரும். அவ்வளவு இடைவெளி போதும். உலோகத்தில் இறங்கும் ஸ்குருக்கள் அதிர்வில் கழன்றுகொண்டே இருக்கும். அதற்கென்று பசை விற்கிறார்கள். நான் மனைவியின் நகச்சாயத்தில் ஒரு துளி வைக்கிறேன். காரின் மேல்கூண்டைப் பிடிக்கும் கம்பிக் கொக்கிகள் முதல் வாரத்திலேயே தொலையும். கொண்டை ஊசி அந்த வேலையைச் செய்கிறது. இந்தக் காரால் அதிக நஷ்டம் அடைந்தது அவருடைய அலங்கார மேசைதான்.

பேட்டரியைப் பற்றி மட்டும் விளையாட்டாகப் பேச மாட்டேன். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. பல நாள் சும்மா வைப்பதென்றால் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். இது தெரியாமல் முதல் ஆண்டு ஆனியில் முழுதாக ஏற்றிப் பரணில் வைத்தேன். தையில் எடுத்தபோது பூரி போல உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ மறுபடி ஏற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். இப்போது ஏற்றுவது கொல்லைப்புறச் சிமெண்டுத் தரையில், மண்சட்டிக்குள், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வைக்கோல் போருக்கும் அதற்கும் ஒரு வீட்டு அகலம் தூரம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் தொடங்கலாம். கனம் கூடுதல், வேகம் குறைவு, ஆனால் இவ்வளவு கோபக்காரன் இல்லை.

வாய்க்கால் கதையையும் சொல்ல வேண்டும். 2022 ஆவணியில், பரணில் ஏற்றிய காரை ஆசை பொறுக்காமல் இறக்கினேன். களத்தின் ஓரம் பாசன வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர். கார் மதகுச் சரிவில் ஏறி எகிறி உள்ளே விழுந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் எட்டாது. ரிமோட்டை எவ்வளவு அமுக்கியும் பயனில்லை. குளித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் முங்கி எடுத்து, "மாமா, விரால் என்று நினைத்தேன், உங்கள் கார்தான்" என்று உயர்த்திக் காட்டினான். மின்பாகங்களை மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் காய வைத்தேன், பிழைத்துக்கொண்டன. தப்பித்தோம் என்று விட்டுவிட்டேன். பத்தாவது நாள் சக்கரம் சுற்றவில்லை, பேரிங்குகள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தன. நனைந்தால் அன்று இரவே பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். களிமண் ஒட்டினால் ஈரத்தோடு தேய்க்காமல் காயவிட்டுப் பழைய பல்துலக்கியால் தட்டுங்கள், ஓடு ஓடாக உதிரும்.

இதுவரை உதிரிபாகங்களுக்குச் செலவழித்த தொகை காரின் விலையைத் தாண்டிவிட்டது. அதற்காக வருத்தமில்லை. எதைக் கொண்டு தொடங்கலாம் என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். வேகத்தைப் பார்க்காதீர்கள், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பவும் செய்யாதீர்கள். கையில் ஸ்குரு முடுக்கப் பிடிக்கும் ஆளாக இருந்தால் ரேடியோ கார். மழைக்காலத்தில் வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார முடியுமென்றால் ஸ்லாட் கார். தனியாளுக்கு ஸ்லாட் கார் சலித்துவிடும். அது தாயக்கட்டை மாதிரி, எதிரில் ஆள் வேண்டும்.

மகளுக்கு இப்போது தானே கோத்து ஓட்டும் கார் வேண்டுமாம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1984-இல் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் என்ற வெட்டுக்கிளிக் காரை மறுபடியும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதைத்தான் பார்த்து வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் ரிமோட், செர்வோ என்கிற சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார், பேட்டரி, சார்ஜர் எதுவும் இருக்காது, தனியே வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். குறுவை அறுவடை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் கோரையாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ரேடியோ கார் பரணுக்குப் போனது, தடப் பெட்டி கீழே வந்தது. விரித்துப் பார்த்தால் ஒரு வளைவுத் துண்டு குறைகிறது. வீடு முழுவதும் தேடினோம். கடைசியில் சமையலறையில் கிடைத்தது. ஆடிக்கொண்டிருந்த குளிர்பதனப் பெட்டியின் காலுக்கு அம்மா முட்டுக் கொடுத்திருந்தார். எடுத்தால் பெட்டி ஆடுமாம். மரக்கட்டை ஒன்று சீவிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்க முடிந்தது.