சென்சார், லேப்டாப், மல்டிமீட்டர்: பழைய எக்ஸ்கவேட்டரில் ஆயில் சூட்டுக் கோளாறைப் பிடிக்க எது சரி?

செகண்ட் ஹேண்ட் எக்ஸ்கவேட்டர் வாங்கியவர்களுக்கு ஹைட்ராலிக் ஆயில் டெம்பரேச்சர் தொல்லை இரண்டு விதமாக வரும். ஆயில் ஆறிக் கிடக்கும்போதே அலாரம் கத்தும். இல்லையென்றால் டேங்க்கில் கை வைக்க முடியாத சூட்டிலும் மானிட்டரில் முள் நீலத்திலேயே படுத்திருக்கும். இதற்கு மூன்று வழி இருக்கிறது: சென்சாரை மாற்றிவிடுவது, லேப்டாப் மாட்டி எர்ரர் கோடு (கோளாறு எண்) படிப்பது, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வயரோடு மல்லுக்கட்டுவது. என் வண்டிக்கு நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன், இப்போதும் அதன் பக்கம்தான் பேசுவேன்.

சென்சார் மாற்றுவதில் இருக்கும் ஒரே சுகம் வேகம். ஆனால் பழைய வண்டியில் சென்சாரை விட அதற்குப் போகும் வயரும் கப்ளரும் (வயரைச் சென்சாரோடு இணைக்கும் கனெக்டர்)தான் முதலில் கெடும். மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டுவதால் பின்னில் இருந்த பாசி (பச்சைத் துரு) கொஞ்சம் தேய்ந்துபோகும். சில நாள் எல்லாம் ஒழுங்காகக் காட்டும், பெயர் புது சென்சாருக்குப் போய்விடும். பிறகு ஒருநாள் அதே அலாரம். இன்னொன்று, மரை ஒன்றாக இருப்பதாலேயே சென்சார் ஒன்றாகிவிடாது. ஓம்ஸ் (மின்தடை) கணக்கு வேறாக இருந்தால், புது சென்சார் அச்சமில்லாமல் தப்பாகக் காட்டிக்கொண்டிருக்கும். பார்ட் நம்பர் பார்க்காமல் வாங்கவே கூடாது.

லேப்டாப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஜே1939 (கனரக வண்டிகளின் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசும் பொது மொழி) பேசும் வண்டிகளில் ஹைட்ராலிக் டெம்பரேச்சருக்கான எண் எஸ்.பி.என் 1638. எஸ்.பி.என் எந்த அளவில் கோளாறு என்பதையும், எஃப்.எம்.ஐ அது என்ன வகைக் கோளாறு என்பதையும் சொல்லும். கூடவே வரும் எஃப்.எம்.ஐ 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேலே, 4 என்றால் அளவுக்குக் கீழே. அதாவது பிரச்சினை மின்சாரத்தில். 0 அல்லது 16 வந்தால் சூடு உண்மையிலேயே எகிறியதாகக் கன்ட்ரோலர் (வண்டியின் கம்ப்யூட்டர்) நம்புகிறது, அப்போது கூலர் அடைப்பையும் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். வண்டி வாங்கப் போகும்போது பழைய கோடு பதிவுகளைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. சங்கடம் என்னவென்றால், கேட்டர்பில்லருக்கு ஈ.டி, வோல்வோவுக்கு டெக் டூல் என்று கம்பெனிக்கு ஒரு சாஃப்ட்வேர். அதோடு, லேப்டாப் காட்டுவது கன்ட்ரோலர் நம்பிக்கொண்டிருப்பதை மட்டும்தான். வயர் பொய் சொன்னால் லேப்டாப்பும் அதே பொய்யைத்தான் திருப்பிச் சொல்லும்.

நான் மீட்டருக்கு வாக்களிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இந்த சென்சார் பெரும்பாலும் இரண்டு வயர் என்.டி.சி தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் பொருள். சூடு ஏற ஏற ஓம்ஸ் குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம்ஸ், 80 டிகிரியில் சுமார் 320 ஓம்ஸ். (உங்கள் வண்டிக்கு அதன் மேனுவலில் உள்ள அட்டவணைதான் செல்லும்.) கப்ளரில் பாசி பிடித்து 200 ஓம்ஸ் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஆயில் ஆறியிருக்கும்போது 2500 என்பது 2700 ஆகும், மானிட்டரில் ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். யாருக்கும் சந்தேகம் வராது. மதியம் ஆயில் 80க்கு வந்ததும் 320 என்பது 520 ஆகும். கன்ட்ரோலர் அதை 64 டிகிரி என்று படிக்கும். கோடு வராது, அலாரம் வராது. ஃபேனை எலக்ட்ரானிக்காகக் கட்டுப்படுத்தும் வண்டியில் ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். உள்ளே சீலும் ஓஸும் வெந்துகொண்டிருக்கும்.

காலையில் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹைட்ராலிக் ஆயில், இன்ஜின் கூலன்ட் இரண்டும் ஒரே டிகிரி காட்டுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனைதான். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் மேலே சொன்ன கோளாறு அதில் பாஸ் ஆகிவிடும். சூடான பிறகும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கு நான் செய்வது இது. வண்டியை நன்றாக வேலை வாங்கி ஆயிலைச் சூடாக்குவேன். சென்சாருக்குப் பக்கத்தில் டேங்க் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் இன்ஃப்ராரெட் கன்னை (தொடாமலே சூடு அளக்கும் கருவி) பிடிப்பேன். பளபளக்கும் உலோகத்தில் நேராகப் பிடித்தால் கன் குறைத்துக் காட்டும். டேங்க் தகடு ஆயிலை விடக் கொஞ்சம் ஆறியிருப்பது இயல்பு. அப்படியிருக்க மானிட்டர் தகட்டை விடவும் குறைவாகக் காட்டினால் வயரில் கை வைக்கலாம். சாவியை ஆஃப் செய்து, கப்ளரைக் கழற்றி, மீட்டரில் சென்சார் முனையிலேயே ஓம்ஸ் ஒரு அளவு. பிறகு சென்சாரை மாட்டிவிட்டு, கன்ட்ரோலர் பக்கத்துக் கப்ளரைக் கழற்றி, அங்கிருந்து அதே சர்க்யூட்டை இன்னொரு அளவு. ஆயில் ஆறுவதற்குள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம் முழுக்க வயரின் கணக்கு. வித்தியாசம் இல்லாமல் சென்சார் அளவே அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை என்றால், அப்போது தாராளமாகச் சென்சாரை மாற்றுங்கள்.

கப்ளரைத் திறந்தால் பெரும்பாலும் கதை கண்ணிலேயே தெரியும்: பச்சைப் பொடி, ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே வந்த ஆயில், வாய் விரிந்துபோன பெண் பின். பம்ப் பக்கத்துக் கிளாம்ப்பில் உரசித் தோல் போன வயரையும், யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டையும் விடாமல் தேடுங்கள்.

முழு கட், முழு ஷார்ட் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். கப்ளரைக் கழற்றி சாவியை ஆன் செய்தால் வயர் பக்கம் பெரும்பாலும் 5 வோல்ட் அருகில் வரும், மானிட்டர் அடிமட்டக் குளிர் காட்டும். இரண்டு பின்னையும் துண்டு வயரால் இணைத்தால் உச்ச சூடு காட்டும். இரண்டும் நடந்தால் வயர் கட்டும் இல்லை, ஷார்ட்டும் இல்லை. கோளாறு தெரிந்ததும் ஒரு நிலையான அளவுக்குத் தாவிவிடும் கன்ட்ரோலர்களும் உண்டு. அதில் மானிட்டரை நம்பாமல் வோல்டேஜைப் பாருங்கள். இந்த ஷார்ட் வேலை இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும்தான்.

பிரஷரும் டெம்பரேச்சரும் ஒரே உடலில் இருக்கும் மூன்று, நான்கு வயர் சென்சார்களில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அங்கே லேப்டாப்பையே முதலில் மாட்டச் சொல்வேன்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சென்சாருக்குப் பதில் ஓம்ஸ் மாறாத ஒரு ரெசிஸ்டரைச் செருகி, முள்ளை எப்போதும் நடுவில் நிற்க வைத்து விற்பதும் நடக்கக்கூடியதுதான். கோடு வராது, லேப்டாப்பில் எல்லாம் சுத்தம். ஆறிய வண்டியைத்தான் காட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது முள் எங்கே இருந்தது, ஆயில் சூடான பிறகு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகரவே இல்லை என்றால் கப்ளரைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.